காகிதவாயனை வெடுக்கென்று இழுக்காதீர்கள்: சின்னப் படகில் க்ராப்பி பிடிக்க

தக்கை முங்கினால் வெடுக்கென்று இழு. நம்மூர்க் குளத்தில் தூண்டில் போட்டவர்களுக்கெல்லாம் கையில் ஊறிப்போன பழக்கம் இது. க்ராப்பி என்ற அமெரிக்க ஏரி மீனைப் பிடிக்க வந்தால் முதலில் இதைத்தான் விட வேண்டும். அதன் வாயோரம் எண்ணெய்த்தாள் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு, வெயிலில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். அமெரிக்கர்கள் இதற்குக் காகிதவாய் என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். வேகமாக இழுத்தால் தூண்டில் முள் அந்தச் சவ்வைக் கிழித்துக்கொண்டு வெறுமனே வந்துவிடும். முதல் வருடம் நான் இப்படிக் கிழித்து விட்ட மீன்களைச் சேர்த்திருந்தால் இரண்டு குடும்பத்துக்கு விருந்து வைத்திருக்கலாம்.

நான் இருப்பது டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே. டென்டனைத் தாண்டினால் ரே ராபர்ட்ஸ் என்று ஒரு பெரிய அணைக்கட்டு ஏரி. 1987இல் தண்ணீர் தேக்கியபோது பல இடங்களில் மரங்களை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டதால், பட்ட மரங்கள் இன்னும் கூட்டம் கூட்டமாகத் தண்ணீருக்குள் நிற்கின்றன. க்ராப்பிக்கு அதைவிட நல்ல குடியிருப்பு இல்லை. கீழே எழுதியிருப்பது அங்கே கற்றது. வேறு மாநிலத்தில் இருந்தால் சட்டமும் மாதமும் மாறும், மீனின் குணம் பெரிதாக மாறாது.

மீனைப் பற்றிக் கொஞ்சம். பார்க்க நம்மூர் ஜிலேபி மாதிரி தட்டையாக, ஆனால் வெள்ளி நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும். வெள்ளை, கறுப்பு என்று இரண்டு இனம். முதுகுத் துடுப்பில் கூரான முட்களை எண்ணுங்கள்: 6 வரை இருந்தால் வெள்ளை, 7 அல்லது 8 என்றால் கறுப்பு. பெயரை க்ராப்பி என்பார்கள், க்ரேப்பி என்பவர்களும் உண்டு, லூசியானாக்காரர்கள் சாக்-அ-லே என்பார்கள், பிரெஞ்சில் அதற்குப் பால்பை என்று பொருள் வரும். அவ்வளவு வெள்ளை சதை. வழக்கமாகக் கிடைப்பது 10 முதல் 13 அங்குலம்தான். டெக்சாஸில் வெள்ளை க்ராப்பிக்கான சாதனை 1968இல் நவாரோ மில்ஸ் ஏரியில் பிடித்த 4.56 பவுண்டு மீன். அரைநூற்றாண்டு கடந்தும் அதை யாரும் முறியடிக்கவில்லை, நீங்களும் அதை நினைத்துக்கொண்டு போக வேண்டாம்.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே உடற்கூறு, இதன் கண். க்ராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை தேடுகிற மீன். இரை அதன் தலைக்கு ஒரு முழம் மேலே தொங்கினால் ஏறி வந்து வாங்கும். ஒரு முழம் கீழே போய்விட்டால் அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆழமாகப் போட்டால் பெரிய மீன் என்று நினைத்து அடியில் இறக்கி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள். சரியான ஆழத்தைக் கண்டுபிடிப்பது, அந்த ஆழத்தில் இரையை அசையாமல் வைத்திருப்பது, இவ்வளவுதான் வேலை. படகு, மோட்டார், நங்கூரம் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

போவதற்கு முன்

17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும், டெக்சாஸ் பூங்கா வனவிலங்குத் துறையின் தளத்திலேயே வாங்கலாம். வழக்கமான உரிமம் ஆகஸ்ட் 31 வரைதான் செல்லும், ஜூலையில் வாங்கி ஏமாறாதீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா சும்மா கம்பைப் பிடித்துப் பார்க்கிறேன் என்றாலும் அவருக்கும் ஒன்று வேண்டும், ஒருநாள் உரிமம் இருக்கிறது. மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடித்தால் உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான், படகில் ஏறிவிட்டால் அந்தச் சலுகை கிடையாது.

மோட்டார் வைத்த படகு எதுவானாலும், பேட்டரியில் ஓடும் சின்ன ட்ரோலிங் மோட்டாராக இருந்தாலும், பதிவு செய்து எண் ஒட்ட வேண்டும். 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டாரை ஓட்ட வேண்டுமானால் படகுப் பாதுகாப்புப் பாடம் முடித்திருக்க வேண்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கட்டாயம், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் படகு நகரும்போதெல்லாம் அதைப் போட்டிருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. நான் போட்டுக்கொள்வேன். மார்ச்சில் மேலே வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், விழுந்த அதிர்ச்சியில் நீச்சல் தெரிந்தவனுக்கும் மூச்சு அடைத்துப்போகும்.

படகு

14 அடி அலுமினியத் தட்டைப் படகு போதும், ஜான் போட் என்பார்கள். பழையது வாங்கினால் பின்பலகை அருகே எத்தனை பேர், எவ்வளவு எடை என்று ஒரு தகடு இருக்கும். அதை நம்புங்கள், விற்கிறவர் சொல்வதை அல்ல. நான்கு பேர் என்று எழுதியிருந்தாலும் தூண்டில் போட இரண்டு பேர்தான் வசதி. முன்னால் ஒரு ட்ரோலிங் மோட்டார், அதற்கு 12 வோல்ட் டீப்-சைக்கிள் பேட்டரி (நெடுநேரம் நின்று கொடுக்கும் வகை), ஒரு துடுப்பு (பேட்டரி தீரும், கட்டாயம் ஒரு நாள் தீரும்), இரண்டு நங்கூரம், இரண்டு கயிறு.

அப்புறம் பிளக். படகின் பின்புற அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு, அதை அடைக்கிற கட்டைவிரல் அளவு ரப்பர்க் குமிழ் அது. படகு வாங்கி முதல் நாள் துறையில் இறக்கி, வண்டியை மேலே நிறுத்திவிட்டு ஜம்பமாக நடந்து வந்தேன். நண்பன் படகிலிருந்து, "டேய், ஷூ நனையுதுடா, இது இப்படித்தானா?" என்று கேட்டான். பிளக் வீட்டில், கராஜ் அலமாரியில். பின்னால் வரிசையில் ஐந்தாறு வண்டிகள் காத்திருக்க, திரும்ப ட்ரெய்லரை இறக்கி, தண்ணீர் கனத்த படகை வின்ச் போட்டு இழுத்த அந்தக் கால்மணி நேரத்தை மறக்க ஆசைப்படுகிறேன். ஆகவே துறைக்குப் போவதற்கு முன்பே, வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஓரமாக நின்று பிளக், கயிறு, பேட்டரி இணைப்பு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள், சரிவில் நின்று செய்யும் வேலை இல்லை அது.

தூண்டில் சாமான்

கடையில் நூறு வகை தொங்கும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கம்பு போதும்: ஒன்று ஆறரை அடி இலேசான ஸ்பின்னிங் கம்பு, இன்னொன்று 10 அடி ஜிக் கம்பு. நரம்பு, அதாவது தூண்டிலின் நைலான் இழை, 6 பவுண்டு தாங்குவது, மரக்கூட்டத்துக்குள் 8 பவுண்டு.

ஜிக் என்பது ஈயத் தலையோடு சேர்ந்த முள், மேலே ரப்பர் வாலோ இறகோ இருக்கும். 1/16 அவுன்ஸ் எடையில் வாங்கினால் பெரும்பாலான நாட்களுக்குச் சரிப்படும், காற்றே இல்லாத நாளுக்கு 1/32 நாலு வைத்துக்கொள்ளலாம். நிறத்தைப் பற்றி இங்குள்ளவர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். கலங்கிய தண்ணீரில் கறுப்பும் கிளிப்பச்சையும், தெளிந்த தண்ணீரில் வெள்ளை அல்லது வெள்ளி, இதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. நிறத்தை மாற்றுவதற்கு முன் ஆழத்தை மாற்றிப் பாருங்கள்.

ஜிக்கை நரம்பில் முடிச்சிடும்போது ஒரு விஷயம். அது தண்ணீரில் சின்ன மீன் மாதிரி படுக்கைவாட்டில் தொங்க வேண்டும், மூக்கு மேலே தூக்கிக்கொண்டு தொங்கக் கூடாது. இறுக்கு முடிச்சாக இருந்தால் முடிச்சை விரலால் தள்ளி வளையத்தின் உச்சிக்குக் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அது முன்னால் நழுவியிருக்கும், மறுபடி தள்ளுங்கள். பக்கத்துப் படகுக்காரர் அதே ஜிக், அதே நிறம், அதே ஆழத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும்போது உங்களுக்கு மட்டும் கொத்தவில்லை என்றால் பத்தில் பாதி நேரம் காரணம் இந்த முடிச்சுதான்.

உயிர் இரை என்றால் மின்னோ, நம் விரல் நீளக் குஞ்சு மீன். இரைக்கடையில் டஜன் கணக்கில் தருவார்கள், ரசீதைத் தூக்கிப் போட வேண்டாம், கடையில் வாங்கிய இரைதான் என்று காட்ட அது உதவும். வாளியில் காற்றுக்குமிழி விடும் பேட்டரிக் கருவி போட்டு நிழலில் வையுங்கள், குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், குளோரினில் பத்து நிமிடத்தில் மிதந்துவிடும். முள் மெல்லிய பொன்னிறக் கம்பியாக இருக்கட்டும். கனத்த முள்ளை வாங்கினால் மரக்கிளையில் மாட்டும்போதெல்லாம் நரம்பு அறும். மெல்லிய கம்பி என்றால் நிதானமாக இழுத்ததும் நிமிர்ந்து வந்துவிடும், குறடால் வளைத்துவிட்டு மறுபடி போடலாம்.

தக்கை சறுக்குத் தக்கையாக இருக்க வேண்டும், ஊர்த் தக்கை போல நரம்பில் இறுக்கிக் கட்டுவது அல்ல. நரம்பில் முதலில் ஒரு நூல் முடிச்சு, அதற்குக் கீழே ஒரு மணி, பிறகு தக்கை, பிறகு சின்ன ஈயம், கடைசியில் முள். போட்டதும் ஈயம் நரம்பைத் தக்கைக்குள் வழியாக இழுத்துக்கொண்டு இறங்கும், முடிச்சு வந்து மணியில் முட்டியதும் நிற்கும். ஆழத்தை மாற்ற முடிச்சை நகர்த்தினால் போதும். 12 அடி ஆழத்துக்கு வைத்தாலும் சுருட்டி வீசும்போது எதுவும் தடுக்காது.

எப்போது, எங்கே

தொடங்க நல்ல காலம் மார்ச்சும் ஏப்ரலும், பங்குனி மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு 65ஐ நோக்கிப் போகும்போது முட்டையிடக் கரைப்பக்கம் வரும். வடக்கு டெக்சாஸில் ரெட்பட் மரங்கள் இலையில்லாமல் ஊதாப் பூவாக நிற்கிற நேரம் அது. இரண்டு அடியிலிருந்து ஆறு அடித் தண்ணீருக்குள், நாணல், புதர், கவிழ்ந்த மரம், கல் இருக்கும் இடங்களில், ஓடை வந்து ஏரியில் சேரும் ஒடுங்கிய கிளைகளில் தேடுங்கள். ஆண் மீன் கன்னங்கரேல் என்று கறுத்துக் கூட்டைக் காவல் காக்கும், பக்கத்தில் என்ன போனாலும் விரட்டிக் கொத்தும்.

மே கடைசியில் திரும்ப ஆழத்துக்குப் போய்விடும். கோடையில் 15 முதல் 25 அடித் தண்ணீரில் மூழ்கிய மரங்களையும் பாலத் தூண்களையும் ஒட்டி நிற்கும். தண்ணீரின் அடி ஆழம் அதுவே தவிர மீன் நிற்பது அடியில் இல்லை, நடுவில் தொங்கும். கோடையில் ஏரியின் அடித்தட்டில் ஆக்சிஜன் குறைந்துபோவதால் அங்கே இறக்கும் இரை வீண். இலையுதிர் காலத்தில் ஷாட் என்ற குட்டி மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு திரியும். குளிர்காலத்தில் மறுபடி ஆழம், கூட்டமாக, மந்தமாக. எனக்குப் பிடித்தது அந்தக் காலம்தான், ஏரியில் ஆளே இருக்காது. ஆனால் புதியவருக்கு அது வேண்டாம்.

திரையில் நேரலையாக மீன் நகர்வதைக் காட்டும் சோனார்கள் 2018க்குப் பிறகு பரவிவிட்டன, சில படகுகளில் படகின் விலையைவிட அந்தத் திரையின் விலை அதிகம். அது இருந்தால் வேகமாகப் பிடிக்கலாம் என்பது உண்மை. முதல் வருடம் வாங்காதீர்கள். ஆழத்தையும் தண்ணீரின் வெப்பத்தையும் காட்டும் சாதாரணக் கருவி ஒன்று போதும், மீதியைக் கை கற்றுக்கொள்ளட்டும்.

படகை நிறுத்துவது

இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். படகு ஆடினால் இரை ஆடும், இரை ஆடினால் க்ராப்பி பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். மரக்கூட்டத்தை எப்போதும் காற்றுக்கு எதிர்த்திசையில் அணுகுங்கள். படகின் மூக்கு காற்றைப் பார்த்திருந்தால் மோட்டாரை மெல்ல ஓட்டியே நிற்கலாம், தவறினாலும் காற்று உங்களை மரத்திலிருந்து விலக்கித் தள்ளுமே தவிர மேலே கொண்டுபோய் மோதாது. இடம் பிடித்துவிட்டால் முன்னும் பின்னும் நங்கூரம், ஒற்றை நங்கூரம் போட்டால் படகு கடிகாரப் பெண்டுலம் போல ஆடும். நங்கூரத்தைத் தொம்மென்று போடாமல் கயிற்றைப் பிடித்து இறக்குங்கள். பட்ட மரத்தில் கயிறு கட்டியும் நிற்கலாம், ஆனால் கட்டுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள்: உளுத்த கிளை இருக்கிறதா, குளவிக்கூடு இருக்கிறதா என்று. நான் ஒரு தடவை பார்க்கவில்லை. முகம் மூன்று நாள் வீங்கியிருந்தது.

காற்று மணிக்கு 15 மைலுக்கு மேல் என்று வானிலை சொன்னால் 14 அடிப் படகை எடுக்காதீர்கள். வசந்தத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று திரும்பும், வடக்கு வானில் கருநீலக் கோடு தெரிந்தால் மீன் கொத்திக்கொண்டிருந்தாலும் கிளம்புங்கள்.

ஆழத்தைப் பிடிப்பது

ஒரு கம்பில் மின்னோவை இரண்டு உதட்டிலும் சேர்த்துக் கோத்து, தக்கையை 5 அடிக்கு வைத்து மரத்தை ஒட்டிப் போடுங்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்னொரு கம்பில் ஜிக்கை நேர்கீழே இறக்குங்கள். ரீலுக்கு மேலே நரம்பைப் பிடித்து முதல் வளையம் வரை இழுத்தால் எவ்வளவு என்று வீட்டிலேயே அளந்துவையுங்கள், என் கம்பில் 2 அடி. மூன்று இழுப்பு என்றால் 6 அடி. அங்கே ஒரு நிமிடம் அசைக்காமல் பிடியுங்கள். அசைக்காமல் என்றால் உண்மையிலேயே அசைக்காமல், கை நடுங்குவதே போதுமான ஆட்டம். ஒன்றும் இல்லையா, இன்னும் ஒரு அடி இறக்குங்கள், இன்னொரு நிமிடம். மேலிருந்து கீழாகத்தான் தேட வேண்டும், அப்போதுதான் மீனின் தலைக்கு மேலேயே இரை இருக்கும். முதல் மீன் எத்தனை இழுப்பில் வந்தது என்பதை மறக்காமல், உடனே மற்றக் கம்பின் தக்கை முடிச்சையும் அதே ஆழத்துக்கு நகர்த்துங்கள். ஒன்று இருக்கும் இடத்தில் பத்து இருக்கும். இருபது நிமிடம் போட்டும் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த மரம். அங்கேயே உட்கார்ந்து காத்திருப்பது விரதம், மீன்பிடிப்பு அல்ல.

கொத்து எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். சில சமயம் கம்பில் டக் என்று விரலால் சுண்டியது போல ஒரு தட்டு. தக்கை என்றால் மெல்லச் சரிந்து அமிழும். இன்னொன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்: தக்கை முங்காமல் அப்படியே பக்கவாட்டில் படுத்துவிடும். மீன் கீழிருந்து ஏறி வந்து இரையை வாங்கி மேலேயே தூக்கிக்கொண்டு போவதால் ஈயத்தின் கனம் தக்கையை விட்டுப் போயிருக்கிறது. ஜிக்கிலும் அப்படித்தான், கையில் இருந்த சின்னக் கனம் திடீரென்று காணாமல் போய் நரம்பு தொய்யும். படுத்த தக்கையும் தொய்ந்த நரம்பும் மீன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். மணிக்கட்டைச் சுண்டாமல், தட்டில் இருந்து அப்பளத்தை எடுக்கிற மாதிரி கம்பு நுனியை ஓரடி உயர்த்துங்கள், முள் தானாக ஏறிவிடும். பிறகு ஒரே வேகத்தில் சுற்றுங்கள், நிறுத்தினால் நரம்பு தொய்ந்து மீன் கழன்றுகொள்ளும். படகோரம் வந்ததும் கம்பால் தூக்கி உள்ளே வீசாமல் வலைக்கரண்டியால் அள்ளுங்கள். படகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிழியும் வாய்கள்தான் அதிகம். இரண்டு மூன்று மீனுக்கு ஒருமுறை கடைசி ஓரடி நரம்பை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள், சொரசொரத்தால் வெட்டிவிட்டுப் புதிதாக முடியுங்கள். அந்த மரங்களில் வரிச்சிப்பிகள் (ஸீப்ரா மஸல் என்ற வரிபோட்ட சின்னச் சிப்பிகள்) ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிளேடு மாதிரி அறுக்கும்.

எதை வைத்துக்கொள்வது

டெக்சாஸ் பொது விதி, குறைந்தது 10 அங்குலம், ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு இனமும் சேர்த்து 25. வாயை மூடி, வாலைக் குவித்துப் பிடித்து அளக்க வேண்டும். சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. லேக் ஃபோர்க்கில் பல வருடங்கள் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய அளவே கிடையாது, பிடித்த க்ராப்பியைத் திரும்ப விடவும் கூடாது என்று விதி இருந்தது, ஏனென்றால் குளிர்கால ஆழத்திலிருந்து மேலே இழுத்த மீனின் காற்றுப்பை வீங்கிவிடும், விட்டாலும் பிழைப்பது சந்தேகம். எந்த ஏரிக்குப் போகிறீர்களோ அதன் விதியைக் கிளம்புமுன் பாருங்கள்.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே ஐஸில் போடுங்கள், வெயிலில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் சதை களியாகிவிடும். இங்கே எலும்பை நீக்கிச் சதையை மட்டும் சீவிச் சோளமாவில் புரட்டிப் பொரிப்பார்கள். எங்கள் வீட்டில் செதில் உரசி முழுசாக, இரண்டு பக்கமும் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை, மொறுமொறுப்புக்கு ஒரு கரண்டி அரிசி மாவு. தோசைக்கல்லில் போட்டு ஒரே ஒருமுறை திருப்ப வேண்டும். குழம்புக்கு வேண்டாம், சதை அவ்வளவு மென்மை, கொதிக்கும்போதே கரைந்துபோய் நாளை குழம்பில் முள்தான் மிஞ்சும்.

கரையேறியதும் வேலை முடியவில்லை. படகில், வாளியில், மீன் தொட்டியில் இருக்கும் ஏரித்தண்ணீர் முழுவதையும் அங்கேயே வடித்துவிட வேண்டும், சட்டம். அந்த வரிச்சிப்பிகள் 2009இல் டெக்ஸோமா ஏரியில் முதலில் தெரிந்து, 2012இல் ரே ராபர்ட்ஸுக்கு வந்தன, கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் ஒரு வாளித் தண்ணீரில் அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஆக, பிளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றியதைத் திரும்ப மாட்டாமல்தான் படகை வீட்டில் காய விட வேண்டும், மறதி தொடங்குவதும் அங்கேதான். நான் இப்போது அதை ஒரு கயிற்றில் கோத்து வண்டிச் சாவியோடு கட்டிவிடுகிறேன். அடுத்த வாரம் முழுக்க ஆபீஸ் போகும்போது முழங்காலில் தட்டிக்கொண்டே இருக்கும்.